பூனை படுத்த அடுப்பு

உம்மு குல்சுமுக்கு மருமகன்மேல் கோபம் வந்தால் ஏச்சு விழுவது சேவலுக்கு.

கிண்ணியாவில் மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள். தலையில் முக்காடு, நடுவில் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் குரல். அந்தக் குரலும் மகளிடம் சொல்வதுபோலத்தான் வர வேண்டும். அதுதான் மரியாதை. உம்மு குல்சும் மரியாதை தெரிந்த மனுஷி. அதனால் விடியற்காலையில் ஸெய்னுதீன் துறைமுக வேலைக்குப் போகச் சைக்கிளை எடுக்கும்போது, வளவின் பின்பக்கத்திலிருந்து இப்படிக் கேட்கும்:

"திண்டுட்டுத் திண்டுட்டுப் படுக்கிறாய், கூரை ஒழுகுறது கண்ணுக்குத் தெரியல்லயா? கொண்டைய மட்டும் நிமித்திக்கிட்டுத் திரி. ஒரு நாளைக்கு ஆணச் சட்டிக்குள்ளதான் கிடப்பாய்."

சேவல் ஒன்றும் சொல்லாது. ஸெய்னுதீனும் சொல்லமாட்டான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஏணியைச் சாத்தி, மாமி ஆக்கிப் படுக்கும் பின் குசினிக் கூரைக்குப் புதுக் கிடுகு வைப்பான். வைத்துக்கொண்டே, கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுக்கிற மனைவி அசனாவிடம் ஊருக்குக் கேட்கச் சொல்வான்:

"அந்தச் சேவலுக்குச் சொல்லு, கிடுகு மரத்துல காய்க்கிறல்ல எண்டு."

பக்கத்து வளவுக்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. சிரிப்பார்கள். உம்மு குல்சும் சிரிக்கமாட்டாள். அவளுக்கு அது விளையாட்டில்லை.

அவளுடைய கணவன் ஸஹாப்தீன் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில் கூலியாக இருந்தவன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் தளம் வெள்ளைக்காரனிடமே இருந்தது. ஆகவே ஸஹாப்தீனுக்கு வேலையும் இருந்தது. பிறகு தளத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸஹாப்தீனின் வேலையும் அவர்களோடு கப்பலேறியது. "நாட்டுக்கு விடுதலை, எனக்கும் விடுதலை" என்று அவன் துறையடியில் நின்று சொல்லிச் சிரித்தானாம். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை. கிண்ணியாவையும் திருகோணமலைப் பக்கத்தையும் நடுவில் கடல் பிரிக்கிறது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரைப்படுத்தும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். அந்தப் பாதையில் கொஞ்சக் காலம் வடம் இழுத்தான். ஒரு மாரியில் காய்ச்சல் கண்டு மௌத்தானான்.

உம்மு குல்சும் கூலிக்கு மா இடித்தாள். பெருநாள் வந்தால் வேலை, கலியாணம் வந்தால் வேலை, மற்ற நாளில் உலக்கை மூலையில் சாய்ந்திருக்கும். அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்தது ஒன்றேதான்: கூப்பன் அரிசி.

அரசாங்கம் அப்போது தலையை எண்ணிக் கொடுத்தது. ஹாஜியாருக்கும் கூப்பன், ஹாஜியார் வீட்டில் மா இடிக்கிறவளுக்கும் கூப்பன். அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், விலையை ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அரிசியைக் காட்டித்தான் வாக்குக் கேட்டார்கள். எது எப்படிப் போனாலும் தலைக்கு ஒரு புத்தகம் இருந்தது. சங்கக்கடை வரிசையில் ஹாஜியாரின் வேலையாள் முன்னால் நிற்பான். உம்மு குல்சும் பின்னால் நிற்பாள். அது பிச்சையில்லை என்பதற்கு ஹாஜியாரின் வேலையாளே சாட்சி. பணக்காரனும் வாங்குகிற சாமானைப் பிச்சை என்று எவன் சொல்வான்?

இன்னொரு காரியமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய உம்மா கடைசிக் காலத்தில் பின் குசினியில்தான் கிடந்தாள். அங்கே அதுதான் வழக்கம். பெண்பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவள் பின்னுக்குப் போக வேண்டும்; மாப்பிள்ளை முன்வாசலால் வருவான். கிழவிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. ஆனாலும் ஸஹாப்தீன் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. வேலை போய், கையில் ஒன்றும் இல்லாதிருந்த நாட்களில்கூடச் சொன்னதில்லை. கிழவியின் தலைக்கு அரிசி வந்துகொண்டிருந்தது. அவளும் அந்தச் சட்டியில் ஒரு பங்குக்காரி. கிழவி மௌத்தாகிக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்த மாதமே வீட்டில் சோறு குறைந்தது தெரிந்தது. அன்றைக்கு ஸஹாப்தீன் அழுதான். யாருக்காக அழுதான் என்று உம்மு குல்சும் கேட்கவில்லை.

பிறகு அவளுடைய முறை வந்தது. அசனாவைக் கட்டிக் கொடுத்தாள், வீட்டையும் கொடுத்தாள், தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின் குசினிக்குப் போனாள். முன்வாசலால் ஸெய்னுதீன் வந்தான்.

அவன் கெட்டவனில்லை. குடியில்லை, சூதில்லை. துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் வேலை, மாதச் சம்பளம். வீட்டில் எதுவும் அது அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பான். வந்த முதல் மாதமே கூப்பன் புத்தகங்களை எல்லாம் ஒன்றாக அடுக்கி, றப்பர் வளையம் போட்டு, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். உம்மு குல்சுமின் புத்தகமும் அதற்குள் போய்விட்டது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அசனா, என்ட கூப்பனை வாங்கித் தா."

"அது அவரிட்டக் கிடக்கட்டும் உம்மா. எல்லாத்தையும் ஒண்டா எடுத்துட்டு வருவார்."

"ஒண்டா எடுக்க நான் என்ன உருளக்கிழங்கா? என்ட தலைக்கு வந்தது என்ட இடுப்புல கிடக்கணும்."

ஸெய்னுதீன் அலுமாரியைப் பார்த்துச் சொன்னான்: "ஒரு வீட்டு அரிசிய ரெண்டு கை போய் எடுத்தா ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும். மாமியை நான் பட்டினி போடுறன் எண்டு நினைப்பாங்க."

"சிரிக்கிறவன்ட பல்லு விழட்டும். கூப்பனைத் தரச் சொல்லு."

மூன்று நாள் இந்தக் கதை நடந்தது. கடைசியில் அவன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவள் எடுத்துக்கொண்டாள். அன்று பின்னேரமே குசினிக்குள் மூன்று கல்லை வைத்துத் தனியாக உலை ஏற்றினாள். அரிசி தனி, அடுப்புத் தனி, சட்டி தனி. அசனா அழுதாள். அழுகிற சத்தம் கேட்டும் அவள் உலையை இறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வளவில் இரண்டு புகை. அப்போதிருந்துதான் சேவலுக்கு ஏச்சு.

ஆனால் சேவலிடம்கூட அவள் சொல்லாத ஒன்று இருந்தது. ஸெய்னுதீனின் தகப்பன் அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே மௌத்து. தாய் மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பெருநாளுக்கு முந்தின இரவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலை படலையாகப் போய் நின்றவள். நோன்பு முடிகிறபோது இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுக்கிற பித்ரா அரிசிக்கு. உம்மு குல்சுமின் படலையிலும் ஒருமுறை நின்றாள். இவளே அளந்து போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை பேசி வந்தபோது அவளுக்கு அந்த முகம் ஞாபகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. ஸெய்னுதீன் சம்பளம் வாங்கத் தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் பித்ராவை முதலில் அளப்பவன் அவன்தான். கூடுதலாகவும் அளப்பான். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

எழுபத்தெட்டில் வசதியுள்ளவர்களின் கூப்பனை நிறுத்தினார்கள். ஸெய்னுதீனின் வீட்டுப் புத்தகங்கள் போயின. பின்னால் தனி அடுப்பு எரிகிறது, மாதச் சம்பளம் இல்லாத விதவை என்பதால் உம்மு குல்சுமுடையது தப்பியது. சங்கக்கடைக்குப் போனாள். வரிசையில் ஹாஜியாரின் வேலையாள் இல்லை. யார் யார் நிற்கிறார்கள் என்று ரோட்டால் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவளும் முதன்முதலாக முக்காட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த வருஷம் கூப்பனே இல்லை என்றார்கள். இனி உணவு முத்திரை. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துக்கு மட்டும். எல்லோரும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். குடும்பம் என்றால் என்ன? ஒரு அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். உம்மு குல்சும் எழுதிக் கொடுத்தாள். தனி அடுப்பு, ஒரு ஆள். அவளுக்குப் பயமிருக்கவில்லை. அவளுடைய அடுப்பு ஊரறிந்த அடுப்பு.

அந்த நேரம் பார்த்து நோன்பு மாதம் வந்தது. அசனா கலியாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு அப்போதுதான் பிள்ளைத்தாய்ச்சி. தாளிக்கிற மணம் பட்டால் சத்தி எடுப்பாள். ஸெய்னுதீன் நோன்போடு துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு வந்து, கஞ்சிக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தான். இரண்டு நாள் உம்மு குல்சும் பின்னாலிருந்து பார்த்தாள். பள்ளிவாசலில் லெவ்வை வேறு, இரத்த உறவை முறித்தவனின் நோன்பு மேலே போகாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக் குசினிக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் போய்ப் படு" என்று மகளிடம் சொன்னாள். "புள்ளைக்காகத்தான். வேற ஒருத்தருக்காகவும் இல்ல."

விடியுமுன் ஸஹருக்குச் சோறு ஆக்கினாள், நோன்பு துறக்கக் கஞ்சி காய்ச்சினாள், மருமகனின் கோப்பையை மூடிக் குசினி வாசல் திரைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். கோப்பை காலியாகி வந்தது. மறுநாள் ஸெய்னுதீன் பாதையடியில் ஒரு பெரிய பாரைக்குட்டி மீன் வாங்கி வந்து, "பொரிச்சா நல்லம்" என்று சுவரிடம் சொன்னான். பொரித்துத் திரைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். சேவலுக்கு அந்த மாதம் ஒரு ஏச்சுமில்லை, அது கொழுத்தது. பின் குசினியில் மூன்று கல்லுக்கு நடுவில் சாம்பல் ஆறிக் கிடந்தது. பூனை வந்து படுத்தது.

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி கனகசுந்தரம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்புவழிபுரத்துக்காரர், கண்ணாடி போட்டவர், பல்கலைக்கழகம் போய்ப் படித்தவர். நோன்பு ஊர் என்று தெரிந்து, கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வெயிலில் உதடு வெடித்திருந்தது. உம்மு குல்சும் அப்போது பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் வீட்டில் மா இடித்துக்கொண்டிருந்தாள். ஸெய்னுதீன் ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து படலையடியில் நின்றான்; பள்ளியால் திரும்புகிற ஆட்களும் வேலியோரம் நின்றுகொண்டார்கள்.

கனகசுந்தரம் நேரே பின்னால் போனார். பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் ஆக்கித் தின்ன ஒன்றுமில்லை என்றுதான் தமிழில் இவ்வளவு காலமும் அர்த்தம். கனகசுந்தரத்துக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அவருடைய சுற்றறிக்கையில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தது.

"இந்த அடுப்பிலை சமையல் நடக்கேல்லைப்போலை?" என்று கேட்டார். "அந்த அம்மா எங்கை சாப்பிடுறா?"

வேலியோரம் நின்றவர்கள் ஸெய்னுதீனின் வாயைப் பார்த்தார்கள். தன் வீட்டுக் கிழவிக்குச் சோறு இருக்கிறதா என்று ஒரு அரசாங்க அதிகாரி வந்து சாம்பலைக் கிளறுகிறார். அவனுக்கு முகம் சுட்டது.

"எங்களோடதான் சேர்" என்றான். "எங்கட சட்டியிலதான். என்ட மாமிக்கு அரசாங்கம் சோறு போடத் தேவல்ல."

சொன்னது பொய்யில்லை. கனகசுந்தரம் எழுதிக்கொண்டு போனார்.

நோன்பு துறக்கிற நேரம், கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அசனா நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உம்மு குல்சும் அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள்.

"ஆரைக் கேட்டுச் சொன்ன?"

"மரியாதைக்குத்தானே உம்மா சொன்னவர். நாலு பேர் நிக்கக்குள்ள வேற என்ன சொல்ற?"

"ஒங்கட மரியாதைய எந்தக் கடையில குடுத்து அரிசி வாங்குற?"

"ஏன் உம்மா நீங்க வாங்கணும்? நாங்க பாக்கமாட்டமா?"

"நோன்பு முடியும். புள்ளை பிறக்கும். பிறகு என்னைக் காணக்குள்ளயெல்லாம் சோத்துச் சட்டிதான் ஒங்களுக்கு ஞாபகம் வரும். நான் கேட்டுத் திங்கிறவ இல்ல. கேட்டுத் திங்கவும் மாட்டன்."

திரைக்கு அந்தப் பக்கம் கோப்பை தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அது காலியாகவில்லை. அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்ப் பூனையை விரட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எழுந்த புகை ஊருக்குத் தெரிந்தது, கச்சேரிக்குத் தெரியவில்லை. கிராம சேவகர் ஒட்டிய பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் இல்லை.

பள்ளிவாசல் மரைக்கார் அபூதாஹிர் மேன்முறையீடு எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவருக்கு மனம் வரவில்லை. "ராத்தா, சமாதானமா இருக்கிற குடும்பத்தைச் சண்டை எண்டு எப்பிடி எழுதுற?"

"சண்டைதான். எழுதுங்க. மருமகனோட கதைக்கிறல்ல, சேர்ந்து திங்கிறல்ல எண்டு எழுதுங்க."

கனகசுந்தரம் இரண்டாம் தடவை வந்தது நோன்பின் கடைசிக் கிழமையில். அசனாவின் முன்விறாந்தையில் கதிரை போட்டார்கள். மரைக்கார் பக்கத்தில் இருந்தார். ஸெய்னுதீன் தூணோடு சாய்ந்து நின்றான். முற்றத்தில் ஊர் நின்றது. உம்மு குல்சும் கதவுக்குப் பின்னால். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அசனா.

கனகசுந்தரம் மரைக்காரிடம் ஆறுதலாகத்தான் கதைத்தார். "பாருங்கோ, எல்லாருக்கும் குடுத்துக் குடுத்து நாடு கடன்பட்டுப்போச்சு. எல்லாருக்கும் குடுத்தால் ஒருத்தருக்கும் காணாது. இல்லாதவனைத் தேடிக் குடுக்கிறதுதான் நியாயம். இப்ப உலகம் முழுக்க அப்பிடித்தான் கதைக்கினம்."

"இல்லாதவன் ஆரு எண்டு எப்பிடி சேர் கண்டுபிடிக்கிற?"

"அதுக்குத்தானே என்னை அனுப்பியிருக்கினம்."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அசனா, அந்தத் தம்பியிட்டச் சொல்லு. முந்தித் தலை இருந்தாப் போதும். இப்ப நான் இல்லாதவ எண்டு ஊரைக் கூட்டிச் சொல்லணும். சொல்றன். எழுதச் சொல்லு."

"அம்மா, நீங்கள் இல்லாதவ இல்லை எண்டு நான் சொல்லேல்லை" என்றார் கனகசுந்தரம். "நீங்கள் தனிக் குடும்பமோ எண்டதுதான் கேள்வி. நான் வந்த அண்டைக்கு உங்கடை அடுப்பிலை பூனை படுத்திருந்தது. உங்கடை மருமகனும் ஒரே சட்டிதான் எண்டு சொன்னவர்."

"அது நோன்புக்கு. புள்ளைத்தாய்ச்சிக்கு ஏலாமப் போனதால."

"நோன்புக்கு ஒரு குடும்பம், பெருநாளுக்கு ஒரு குடும்பம் எண்டு எழுத இடமில்லை அம்மா." தாளைப் புரட்டினார். "மருமகனோடை பகை, கதைக்கிறேல்லை எண்டு எழுதியிருக்கு. உண்மையோ?"

"உண்மை. ஒரு சொல்லுக் கதைச்சது இல்ல."

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். மரைக்காராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சேர், இந்த ஊருல எந்த மாமி மருமகனோட கதைச்சவ? என்ட மாமி மௌத்தாகும் வரைக்கும் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கல்ல. ஆனா என்னில அவக்கு உயிர்."

"ஆனா சேவலை ஏசுவா சேர்!" என்று வேலிப்பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். கனகசுந்தரத்துக்கு விளங்கப்படுத்தினார்கள். அவரும் சிரித்துவிட்டார். "சேவலை ஏசினதை நான் எந்தப் பகுதியிலை எழுதுறது?" என்று கேட்டுக்கொண்டு பேனையை மூடினார். "கோபம் எல்லா வீட்டிலையும் இருக்கும் அம்மா. கோபம் வேறை, குடும்பம் வேறை."

ஸெய்னுதீன் தூணிலிருந்து நிமிர்ந்தான். அவனுக்கு இது முடிந்தால் போதும் என்றிருந்தது. "மாமி எங்கட உம்மா மாதிரி சேர்" என்றான். "என்ன கோபம் எண்டாலும் நான்தான் பாக்கணும். நான் பாப்பன்."

நல்ல சொல். முற்றத்தில் நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அந்தச் சொல்லோடு கனகசுந்தரம் எழுந்துவிடுவார், எழுந்தால் பாதையேறிவிடுவார். இனி அவள் வாயில் போகிற ஒவ்வொரு பிடிச் சோற்றையும் இவன்தான் பார்ப்பான். உம்மு குல்சும் மகளின் கையை உதறினாள்.

"உம்மா, வேணாம்" என்றாள் அசனா. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உம்மு குல்சும் கதவைத் தாண்டி விறாந்தைக்கு வந்தாள். வெளிச்சத்துக்கு, ஆம்பிளைகளுக்கு நடுவில். மருமகனுக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் நின்று, அவன் கண்ணைப் பார்த்தாள்.

"டேய் ஸெய்னுதீன்."

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன.

"நீயா என்னைப் பாக்கிற? உன்ட உம்மா உன்னை இடுப்புல வச்சிக்கிட்டு என்ட படலையில பித்ரா அரிசிக்கு நிண்டவ. நான்தான் அளந்து போட்ட நான். நான் போட்ட அரிசியில வளந்த உடம்பு எனக்குச் சோறு போடப் பாக்குது. உன்ட சட்டியில நான் திங்கமாட்டன். அது பிச்சைக்காரிட சட்டி."

காகம் ஒன்று கத்தியது. மரைக்கார் "நோன்போட..." என்று தொடங்கி நிறுத்தினார். அசனா வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உம்மு குல்சுமின் முக்காடு சரிந்து தோளில் கிடந்தது. நரைத்த தலையை அவள் மூடவில்லை.

ஸெய்னுதீன் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் மாமியின் முகத்தை அவன் முழுதாகப் பார்ப்பது அதுதான் முதல். பிறகு கனகசுந்தரத்தின் பக்கம் திரும்பினான்.

"எழுதுங்க சேர்" என்றான். குரல் உயரவில்லை. "ரெண்டு அடுப்பு. ரெண்டு குடும்பம். எங்களுக்கும் இவக்கும் ஒண்டுமில்ல."

கனகசுந்தரம் பேனையைத் திறந்து எழுதினார். அவர் உம்மு குல்சுமின் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது மட்டும் மரைக்காரிடம், "கடிதம் வரக் கொஞ்ச நாள் செல்லும். அதுக்கிடையிலை திரும்பவும் விசாரிப்பினம். நிலைமை மாறக்கூடாது" என்றார்.

மறுநாள் ஸெய்னுதீன் லீவு போட்டுவிட்டு வேலி கட்டினான். வளவின் நடுவே, முன்வீட்டுக்கும் பின் குசினிக்கும் இடையில், ஒரு கோழிக்குஞ்சு நுழைய இடைவெளி இல்லாமல் கிடுகு வரிந்தான். பின்னால் ஒழுங்கைப் பக்கம் ஒரு படலையும் வைத்துக் கொடுத்தான். நல்ல வேலை. அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. சேவல் வேலிக்கு இந்தப் பக்கம் அகப்பட்டது, உம்மு குல்சுமின் பக்கம்.

பிறை கண்ட அன்று மஃரிபு தொழுகை முடிந்ததும் தெருவில் பித்ரா தொடங்கியது. வழக்கம் என்னவென்றால் இல்லாதவர்கள் படலையடிக்கு வருவார்கள், இருப்பவன் வீட்டில் நின்று அளந்து போடுவான். அன்றைக்கு ஸெய்னுதீன் தன் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். கையில் அரிசிப் பெட்டி. தெருவால் சுற்றி, ஒழுங்கைக்குள் திரும்பி, அவன் கட்டிய புதுப் படலையடியில் போய் நின்றான். பின்னால் நாலைந்து பேர் போனார்கள். மரைக்காரும் தூரத்தில் நின்றார்.

அவன் சேவலைக் கூப்பிடவில்லை. சுவரிடமும் சொல்லவில்லை.

"உம்மு குல்சும்" என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "பித்ரா அரிசி. இல்லாதவங்களுக்குக் கடமையானது. வந்து வாங்குங்க."

அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். முக்காடு இருந்தது. அரிசியைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தாள், கடைசியாக மரைக்காரைப் பார்த்தாள். கடிதம் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், தலை நிமிர்ந்து உள்ளே போகலாம். ஆனால் பித்ராவை வேண்டாம் என்கிறவள் இல்லாதவளா? நாளைக்குக் கச்சேரியிலிருந்து யாராவது கேட்டால் இந்த முகங்கள் என்ன சொல்லும்?

உள்ளே போய்ச் சுளகை எடுத்துவந்து நீட்டினாள். அவன் கொட்டினான். கூடுதலாகவே கொட்டினான், அது அவன் பழக்கம். ஒரு மணி கீழே சிந்தவில்லை.

முத்திரை வந்தது. அவளுடைய பெயருக்கு, தனியாக. தன் மௌத்து வரைக்கும் இனி எவன் வாயையும் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தாள். முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. பிறகு அரிசி விலை ஏறியது, முத்திரை ஏறவில்லை. எண்பத்திரண்டில் ஒரு மாத முத்திரைக்கு வந்த அரிசி ஒன்றிரண்டு கிழமைக்குத்தான் போதும். மிச்ச நாளுக்கு மா இடித்தாள். இடிக்கிற இயந்திரம் வந்து அதுவும் குறைந்தது.

அசனாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுகிற சத்தம் வேலியால் கேட்கும். மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்க, தலைக்குத் தண்ணீர் வார்க்க, கூலிக்கு ஒரு பெண்ணை ஸெய்னுதீன் கொண்டுவந்து வைத்தான். ஒரு நாள் அசனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உம்மா, புள்ளைக்குத் தடிமல். என்ன குடுக்க?" என்று கேட்டாள். உம்மு குல்சும் சொன்னாள். அவ்வளவுதான் கதை. அதுவும் அவன் வேலைக்குப் போன பிறகு.

அடுப்பை மட்டும் அவள் அணையவிடவில்லை. ஆக்க ஒன்றுமில்லாத நாளிலும் நாலு தென்னம்பாளையைப் பற்றவைத்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவைப்பாள். யார் எப்போது வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்று தெரியாது. பூனை வேறு வீடு பார்த்துக்கொண்டது.

சேவல் கிழடாகி வளவில் திரிந்தது. விடியற்காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் எடுக்கிற சத்தம் கேட்கும்போது, அது தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். அவள் அரிசிக் குருணையை வீசிப் போடுவாள். ஒரு சொல்லும் சொல்லமாட்டாள்.